டைப் ரன்டைமில்தான் தெரியும் என்றால் சி மொழியில் எந்த வழி?

சி மொழியில் ஒரு ப்ரோகிராம் கம்பைல் ஆகி முடிந்ததும் டைப், அதாவது ஒரு மதிப்பு எந்த வகை என்பதே, காணாமல் போய்விடுகிறது. இன்ட், ஃப்ளோட், டபுள் என்று நாம் எழுதியதெல்லாம் கம்பைலருக்குத் தந்த குறிப்புகள். அவற்றைப் பார்த்து அது சரியான மெஷின் கட்டளையைத் தேர்ந்தெடுக்கும், அதோடு சரி. ஓடுகிற நேரத்தில், அதாவது ரன்டைமில், மெமரியில் இருப்பது பைட் மட்டும். பைத்தானில் ஒரு வேரியபிளிடம் அதன் டைப்பைக் கேட்டு வாங்கலாம். சி-யில் அப்படிக் கேட்க ஆளே இல்லை.

ஆகவே டைப்பை நாம்தான் எங்காவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மதிப்போடும் ஒட்டி வைக்கலாம். ஒரு அரே முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் வைக்கலாம். ஃபங்ஷன் அட்டவணையாக வைக்கலாம். இல்லையென்றால் உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் ஒரே டைப்புக்கு மாற்றிவிட்டுத் தலைவலியை விடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரே என்றால் அரேவுக்கு ஒரு டைப் குறி போதும், தனி மதிப்பு என்றால் டேக் வைத்த யூனியன், அதாவது டைப் குறியையும் மதிப்பையும் சேர்த்துக் கட்டியது. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்.

வேலை என்ன

பாளையங்கோட்டையில் கருவிப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அளவுப் பெட்டிகள் செய்து தருகிறார். நயினார்குளம் மாதிரி ஒரு குளத்தின் நீர்மட்டம், பாளையங்கால்வாய் மாதிரி ஒரு வாய்க்காலின் ஓட்டம், அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தின் மழை, மோட்டார் ஓடுகிறதா இல்லையா. இப்படி எது கேட்டாலும் ஒரே பெட்டிதான், சென்சார் மட்டும் மாறும். மழைமானி தருவது ஒரு எண்ணிக்கை: உள்ளே இருக்கும் சின்னத் தொட்டி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீட்டர். நீர்மட்ட சென்சார் தருவது மீட்டரில் ஒரு ஃப்ளோட். வெப்பமானி தருவது 16 பிட் இன்ட், பத்தால் வகுக்க வேண்டும். 325 என்றால் 32.5 டிகிரி. மோட்டார் நிலைக்கு ஒரு பைட். எந்தப் பெட்டியில் எது செருகியிருக்கிறது என்பது அந்த இடத்தில் வைக்கும் கான்ஃபிக் ஃபைலைப் பொறுத்தது. பெட்டி எழுதும் ஃபைலின் தலைப்பகுதியில் டைப் குறி இருக்கும். பட்டறையில் உள்ள கம்ப்யூட்டர் ப்ரோகிராம் அதைப் படித்துத்தான் மீதியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

"எல்லாருக்கும் ஒரே டைப் என்று முதலிலேயே முடிவு பண்ணியிருக்கலாமே" என்று கேட்கலாம். மழை எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு எண்ணிக்கை, 8 பிட் என்று வைத்தால் 255 வரைதான் போகும், அதாவது 51 மில்லிமீட்டர். சாதாரண நாளில் தாராளம். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 0.2 மில்லிமீட்டர் கணக்கில் அது 4,700 கவிழ்வுக்கு மேல். அப்படி ஒரு நாளில் மழை வலுக்கும் மணி நேரத்தில் 8 பிட் எண்ணிக்கை நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பி, பலத்த மழையைத் தூறல் என்று எழுதி வைத்துவிடும். அதனால் புதிய பெட்டியில் 16 பிட். ஆனால் பழைய பெட்டிகளின் ஃபைல்கள் 8 பிட்டாகவே கிடக்கும், அவற்றையும் படித்தாக வேண்டும். டைப் ரன்டைமில் தெரிவது என்ற நிலைமை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. யாரும் ஆசைப்பட்டு இழுத்துக்கொள்வதில்லை.

வாய்ட் பாயின்டர் எதுவரை?

பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி கேட்ட முதல் கேள்வி இது: "அண்ணாச்சி, வாய்ட் ஸ்டார்ல வாங்கிட்டா எல்லா டைப்பும் வந்துரும்லா?"

"வரும்டே. வந்தது என்னன்னு அது சொல்லாதே."

கிட்டங்கிச் சாவி கையில் இருக்கிறது, உள்ளே கிடப்பது நெல்லா தவிடா என்று சாவி சொல்லாது. வாய்ட் பாயின்டர் அந்த ரகம்: முகவரி மட்டும் தெரியும், அங்கே இருக்கும் டைப் தெரியாது. அதை நேரடியாகப் படிக்க முடியாது, அரே மாதிரி இன்டெக்ஸ் போட முடியாது. அதோடு ஒன்றைக் கூட்டுவதுகூட சி தரநிலையில் கிடையாது. ஜிசிசி கம்பைலர் தன் சொந்தச் சலுகையாக வாய்டின் அளவு 1 என்று எடுத்துக்கொண்டு கூட்ட விடும். வேறு சில கம்பைலர்களிடம் போனால் அதே வரி எர்ரர். ஆகவே கேரக்டர் பாயின்டராக மாற்றி, இன்டெக்ஸை உறுப்பின் அளவால் பெருக்கிக் கூட்டுவதுதான் எங்கும் செல்லும் வழி.

ஆனால் டைப் தெரியாமலே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு, அவை கொஞ்சநஞ்சமல்ல. நகல் எடுப்பது, இடம் மாற்றுவது, ஃபைலில் எழுதுவது எல்லாவற்றுக்கும் உறுப்பின் அளவு தெரிந்தால் போதும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் க்யூசார்ட்டைப் பாருங்கள்: தொடக்க முகவரி, எண்ணிக்கை, ஒரு உறுப்பின் அளவு, ஒப்பிடும் ஃபங்ஷன், இந்த நான்கைத்தான் கேட்கிறது. உள்ளே இருப்பது இன்ட்டா ஸ்ட்ரக்டா என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. டைப் தெரிய வேண்டிய ஒரே காரியத்தை, அதாவது இரண்டில் எது பெரிது என்பதை, நம்மிடமே விட்டுவிடுகிறது. உங்கள் வேலையும் இந்த அளவோடு நின்றால் வாய்ட் பாயின்டரும் அளவுமே போதும், இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை.

மதிப்பைத் திறந்து கணக்குப் போட வேண்டிவந்தால்தான் சிக்கல். பலர் செய்வது, பைட் பஃபரின் நடுவிலிருந்து ஒரு முகவரியை எடுத்து, ஃப்ளோட் பாயின்டராக காஸ்ட் செய்து, அப்படியே படிப்பது. கம்ப்யூட்டரில் ஓடிவிடும், அதனால் சரி என்று தோன்றும். இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது அலைன்மென்ட், அதாவது மதிப்பு தன் அளவின் மடங்கான முகவரியில் இருக்க வேண்டும் என்பது. ஃபைல் தலைப்பில் ஒற்றைப்படை பைட்கள் இருந்தால் ஃப்ளோட் நான்கின் மடங்கில் இல்லாத முகவரியில் உட்காரும். இன்டெல் ப்ராசசர் பொறுத்துக்கொள்ளும். சின்னப் பெட்டிகளில் வரும் கார்டெக்ஸ்-எம்0 ப்ராசசர் பொறுக்காது, ஹார்ட் ஃபால்ட் வந்து பெட்டி நின்றுவிடும். கார்டெக்ஸ்-எம்3 சாதாரண 4 பைட் படிப்பைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் டபுள் மாதிரி 8 பைட்டை ஒரே கட்டளையில் எடுக்கப் போனால் அதுவும் மடக்கும். இந்த அரைகுறைப் பொறுமைதான் மோசம்: நேற்று ஓடிய கோடு, ஒரு டைப்பை மாற்றியதும் இன்று நிற்கும்.

இரண்டாவது அலையாசிங் விதி. ஒரு டைப்பாக எழுதிய மெமரியை வேறு டைப் பாயின்டர் வழியாகப் படிக்க மாட்டோம் என்று கம்பைலர் நம்பிக்கொள்கிறது. கேரக்டர் டைப்புக்கு மட்டும் விலக்கு. அந்த நம்பிக்கையில் ஆப்டிமைசேஷன் கூட்டும்போது படிப்பையும் எழுதுவதையும் முன்பின் மாற்றிவிடலாம். இரண்டு ஆபத்துக்கும் ஒரே மருந்து மெம்காப்பி. சரியான டைப்பில் ஒரு லோக்கல் வேரியபிள் வைத்து, அதற்குள் பைட்களை நகல் எடுங்கள். ஃபங்ஷன் கால் ஆயிற்றே, மெதுவாக இருக்குமே என்று பயப்பட வேண்டாம். அளவு கம்பைல் நேரத்தில் தெரிந்தால், அலைன்மென்டைப் பொறுத்துக்கொள்ளும் சிப்பில் இன்றைய கம்பைலர்கள் ஆப்டிமைசேஷனில் அதை ஒரே படிப்புக் கட்டளையாக மாற்றிவிடும். கீழே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த மெம்காப்பிப் பழக்கம் கூடவே வரும்.

டேக் வைத்த யூனியன்

பாடப்புத்தகம் முதலில் காட்டும் வழி இது. ஒரு எனம் (பெயர் வைத்த எண்களின் பட்டியல்) டைப் குறியாக, பக்கத்தில் ஒரு யூனியன், அதாவது பல டைப்புகள் மாறி மாறி உட்காரும் ஒரே இடம். இரண்டும் ஒரு ஸ்ட்ரக்டுக்குள். குறியைப் பார்த்து, யூனியனில் உரிய உறுப்பைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மதிப்பும் தன் டைப்பைத் தானே சுமக்கிறது.

இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க ஓடும் பெரிய சாமான்கள் இதன்மேல்தான் நிற்கின்றன. பிரேசிலில் பிறந்த லுவா மொழியின் உள்ளே ஒவ்வொரு மதிப்பும் டேக் வைத்த யூனியன்தான். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் பொதுவாக ஒரு நெடுவரிசைக்கு என்ன டைப் என்று எழுதினாலும், ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும் மதிப்புக்கும் தனி டைப் இருக்கலாம்: இன்டிஜர், ரியல், டெக்ஸ்ட், ப்ளாப், நல். அந்தச் சுதந்திரத்துக்கு ஒவ்வொரு மதிப்பும் டேக் சுமந்தாக வேண்டும்.

நம் பெட்டியில் இது எங்கே பொருந்தும் என்றால் கான்ஃபிக்கில். சென்சார் பெயர் ஒரு ஸ்ட்ரிங், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை அளப்பது என்பது இன்ட், திருத்த எண் ஒரு ஃப்ளோட், அலாரம் உண்டா இல்லையா என்பது பூலியன். ஐம்பது நூறு மதிப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு டைப். இங்கே வேறு எதையும் யோசிக்கவே தேவையில்லை.

அரேவில் கொண்டுபோய் வைத்தால்தான் கதை மாறுகிறது. யூனியனுக்குள் ஒரு டபுள் இருந்தால் அதற்கு 8 பைட். டேக்குக்கு ஒரு பைட் போதும் என்றாலும் டபுளின் அலைன்மென்டுக்காக நடுவில் இடம் விட்டு, ஸ்ட்ரக்ட் மொத்தம் 16 பைட் ஆகிவிடும். நிமிஷத்துக்கு ஒரு அளவு என்றால் ஒரு நாளைக்கு 1,440 அளவுகள். 16 பிட் இன்ட்டாக வைத்தால் 2,880 பைட். டேக் யூனியனாக வைத்தால் 23,040 பைட். கடைகளில் 'ப்ளூ பில்' என்று கிடைக்கும் சின்ன போர்டில் இருக்கும் எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பின் மொத்த ராம் 20 கிலோபைட், அதாவது 20,480 பைட். ஒரு நாள் மழையே உள்ளே கொள்ளாது. அதிலும் 1,440 தடவை எழுதப்படும் டேக் அத்தனையும் ஒரே எண். மழைமானி மத்தியானம் இரண்டு மணிக்குத் திடீரென்று ஃப்ளோட் தரப்போவதில்லை.

எனவே என் அளவுகோல் எளிது. பக்கத்துப் பக்கத்து மதிப்புகளின் டைப் நிஜமாகவே வேறுபடுமா? வேறுபடும் என்றால் டேக் யூனியன். இல்லையென்றால் வீண் சுமை.

ஒரு சின்ன எச்சரிக்கை. யூனியனில் ஃப்ளோட்டாக எழுதி இன்ட்டாகப் படித்தால் மாற்றம் எதுவும் நடக்காது. அதே பைட்களை இன்ட் என்று பாவித்துப் படிக்கும், அவ்வளவுதான். 1.0 எழுதிப் படித்தால் 1 வராது, 1,065,353,216 வரும். சி-யில் இப்படிப் படிப்பதற்கு அனுமதி உண்டு, சி பிளஸ் பிளஸ்ஸில் அதுவும் இல்லை. டேக்கைப் பார்க்காமல் யூனியனைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் டபுள் ஆக்கிவிடலாமே?

சோம்பேறி வழி என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். படிக்கும் இடத்திலேயே ஒரு ஸ்விட்ச் போட்டு எதையும் டபுளாக மாற்றிவிட்டால், அதற்குப்பின் கூட்டல், சராசரி, வரைபடம் எல்லாம் ஒரே டைப்பில் ஓடும். கோடு பாதியாகக் குறையும். அறிவியல் தரவு ஃபைல்களைப் படிக்கும் நெட்சிடிஎஃப் லைப்ரரி இதற்கு நல்ல உதாரணம். இந்திய வானிலைத் துறை கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் மழைத் தரவு அந்த ஃபைல் வடிவத்திலும் கிடைக்கிறது. ஒரு வேரியபிளின் டைப் என்ன என்று அந்த லைப்ரரியிடம் ரன்டைமில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கவே பிடிக்கவில்லை என்றால் "டபுளாகவே கொடு" என்று சொல்லும் ஃபங்ஷனும் இருக்கிறது. ஃபைலில் 16 பிட் இன்ட்டாக இருந்தாலும் அதுவே மாற்றித் தந்துவிடும். மழை ஆராய்ச்சி செய்கிறவருக்கு அது போதும்.

போதாத இடங்கள் மூன்று. டபுளால் 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான் முழு எண்களை ஒன்றுவிடாமல் பிடிக்க முடியும். நேரத்தை நானோ விநாடியில் 64 பிட்டில் எழுதும் கருவி இருந்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். மெமரியை மிச்சம் பிடிக்க ஃப்ளோட்டுக்கு இறங்கினால் எல்லை 1,67,77,216. அந்த எண்ணை எட்டியபின் ஒன்று ஒன்றாகக் கூட்டினாலும் எண் நகராது. ஓட்டமானியில் பல வருஷமாகக் கூடிக்கொண்டே போகும் மொத்த எண்ணிக்கை அந்த எல்லையைத் தொடக்கூடியதுதான்.

அடுத்து, சின்ன சிப். கார்டெக்ஸ்-எம்3-இல் ஃப்ளோட் கணக்குக்கு ஹார்ட்வேர் கிடையாது, டபுள் கணக்கு முழுக்க சாஃப்ட்வேரில் நடக்கும். 1,440 டபுளுக்கு 11,520 பைட் வேறு. ராமில் பாதிக்கு மேல் ஒரே சென்சார் தின்றுவிடும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: காணாமல் போன அளவு. சென்சார் கழன்றிருந்தால் 16 பிட் இன்ட்டில் பெரும்பாலும் மைனஸ் 32,768 என்று எழுதி வைப்பார்கள். மாற்றும்போது அதை 'நான்' (NaN, எண் அல்ல என்பதைக் குறிப்பது) என்ற டபுள் மதிப்பாக மாற்றாவிட்டால், அது மைனஸ் 32,768.0 என்று ஒழுங்கான எண்ணாகவே உள்ளே வந்துவிடும். ஒரு மணி நேரச் சராசரியில் அப்படி ஒன்று விழுந்தால், பாளையங்கோட்டை மே மாதத்தில் உறைபனிக்குக் கீழே போயிருக்கும்.

அரேவுக்கு ஒரு விவரச் சீட்டு

நான் கட்சி கட்டும் வழி இது. தரவு தன் சொந்த டைப்பிலேயே, நெருக்கமாக, சாதாரண சி அரேயாகக் கிடக்கட்டும். அதற்கு வெளியே ஒரு சின்ன ஸ்ட்ரக்ட்: டைப் குறி, உறுப்பின் அளவு, எண்ணிக்கை, தரவைச் சுட்டும் வாய்ட் பாயின்டர். 32 பிட் சிப்பில் இது 16 பைட், ஒரு அரேவுக்கு ஒரே ஒரு தடவை.

புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. பைத்தானின் நம்பை லைப்ரரியில் அரே ஒவ்வொன்றும் ஒரே டிடைப்பை, அதாவது டைப் குறியை, சுமப்பது இந்த முறைதான். சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓடும் எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்றத் தரநிலையில் செய்தி அனுப்பும் ஃபங்ஷன் வாய்ட் பாயின்டர், எண்ணிக்கை, டேட்டாடைப் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதும் இதுதான். 1994-இல் வந்த முதல் தரநிலையிலிருந்து அப்படியே. ஒருவகையில் பிரின்ட்எஃப்கூட இந்தக் குடும்பம்தான். ஃபார்மட் ஸ்ட்ரிங் என்பது ரன்டைமில் படிக்கப்படும் டைப் பட்டியல். அதில் பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று சி எழுதிய எல்லாருக்கும் தெரியும். கம்பைலர் எழுதுகிறவர்களே சகிக்க முடியாமல்தான் அதற்கென்று தனி வார்னிங் வைத்தார்கள்.

இந்த வழியின் உயிர் ஸ்விட்சை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. லூப்புக்குள் வைத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் டைப் பார்த்தால் டேக் யூனியன் செய்த வேலையையே மறுபடி செய்கிறோம். ஸ்விட்ச் வெளியே, லூப் உள்ளே. டைப்பை ஒருமுறை பார். அதற்குரிய லூப்புக்குள் நுழை. அங்கே எல்லாம் சாதாரண சி. கம்ப்யூட்டரில் உள்ளே வைத்தாலும் அடுத்து எந்தக் கிளை என்று ஊகிக்கும் பிராஞ்ச் ப்ரெடிக்டர் ஒரே பாதையைப் பழகிக்கொண்டு பெரிய நஷ்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஒரே கட்டளையில் பல உறுப்புகளைக் கூட்டும் வெக்டர் வசதியைக் கம்பைலர் கையில் எடுக்க, லூப்பின் உள்ளே டைப் குழப்பம் இருக்கக் கூடாது.

இதற்குக் கொடுக்கும் விலை: ஆறு டைப் இருந்தால் ஒரே லூப்பை டைப்புக்கு ஒன்றாக ஆறு தடவை எழுத வேண்டும். கையால் நகல் எடுத்து எழுதினால் நாலாவது நகலில் ஏதாவது ஒன்றைத் திருத்த விட்டுவிடுவோம். மேக்ரோவில் எழுதி டைப்பை மட்டும் மாற்றி ஆறு தடவை விரிக்கலாம். ஆனால் டீபக்கரில் மேக்ரோ முழுவதும் ஒரே வரியாகத் தெரியும். உள்ளே எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எரிச்சலாக இருக்கும். எனக்குப் பிடித்தது வேறு: லூப்பைத் தனி ஃபைலில் சாதாரண கோடாக எழுதி, டைப் பெயரை டிஃபைன் செய்து, அந்த ஃபைலை ஆறு தடவை இன்க்ளூட் செய்வது. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் டீபக்கர் வரி வரியாகக் காட்டும்.

டைப் பட்டியலையும் ஒரே இடத்தில் வையுங்கள். எக்ஸ் மேக்ரோ என்று சொல்வார்களே, அது இதற்கென்றே பிறந்தது. ஒரு பட்டியலிலிருந்து எனம், அளவு அட்டவணை, பெயர் அட்டவணை, ஸ்விட்ச் எல்லாம் விரியும். நாளைக்கு 32 பிட் எண்ணிக்கை சேர்க்க வேண்டுமென்றால் ஒரு வரி. ஸ்விட்சைக் கையால் எழுதுகிறவர்கள் டிஃபால்ட் கிளையை எழுதாமல் விட்டால், புதிய டைப்பைச் சேர்த்துவிட்டு எங்காவது ஒரு கேஸை மறந்தால் ஜிசிசி டபிள்யூ-ஆல் கொடியிலேயே எச்சரிக்கும். டிஃபால்ட் எழுதிவிட்டால் அந்த எச்சரிக்கை வாயை மூடிக்கொள்ளும். தெரியாத குறி வந்தால் பிடிக்கும் சோதனையை ஸ்விட்சுக்குப் பிறகு தனியாக எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு அரேக்களைச் சேர்த்துக் கணக்குப் போடும்போது இந்த வழி திணறும், அதை மறைக்க விரும்பவில்லை. மழையையும் நீர்மட்டத்தையும் ஒப்பிட வேண்டும். இந்தப் பக்கம் ஆறு டைப், அந்தப் பக்கம் ஆறு டைப், மொத்தம் 36 லூப். மூன்றாவதாக ஒரு அரே வந்தால் 216. யாரும் எழுத மாட்டார்கள். இங்கேதான் டபுள் வழியைத் துணைக்குக் கூப்பிட வேண்டும், ஆனால் முழு அரேயையும் மாற்றத் தேவையில்லை. 64 உறுப்புகள் கொள்ளும் சின்ன டபுள் பஃபர் அரேவுக்கு ஒன்றாக வையுங்கள், ஒன்று 512 பைட்தான். டைப்புக்கு ஒன்றாக ஆறு 'ஏற்றும்' ஃபங்ஷன்கள் எழுதுங்கள். இரண்டு அரேக்களிலிருந்தும் 64, 64-ஆக ஏற்றி, கணக்கை டபுளில் முடித்து, அடுத்த 64-க்குப் போங்கள். 36 லூப் ஏழாகக் குறைந்துவிடும் (ஏற்ற ஆறு, கணக்குக்கு ஒன்று), மெமரியும் வீங்காது. இரண்டு வழிகளையும் எதிரெதிராக நிறுத்திவிட்டுக் கடைசியில் கலக்கச் சொல்கிறானே என்று தோன்றலாம். நல்ல லைப்ரரிகளின் உள்ளே போய்ப் பார்த்தால் இப்படிக் கலந்துதான் இருக்கிறது.

விவரச் சீட்டு இருப்பதால் வேறொரு லாபமும் உண்டு: டைப் சொல்லாத விஷயங்களையும் அதிலேயே எழுதலாம். 16 பிட் இன்ட் என்பது பைட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறது. பத்தால் வகுக்க வேண்டும் என்றோ, அலகு என்ன என்றோ சொல்வதில்லை. நம் ஊரில் பாபநாசம் அணை என்றால் 143 அடி, மணிமுத்தாறு என்றால் 118 அடி. பேப்பரிலும் அடி, டீக்கடையிலும் அடி. சென்சார் தருவதோ மீட்டர். 143 அடி என்பது 43.6 மீட்டர். அலகு எழுதாத ஃபைலில் 43.6 என்று பார்த்தால் அணை வற்றிக் கிடக்கிறது என்று நினைப்பார்கள். மோட்பஸ் என்ற தகவல் முறையில் பேசும் சென்சார்களில் இன்னொரு குடைச்சல்: ஒரு ஃப்ளோட் இரண்டு 16 பிட் ரெஜிஸ்டர்களில் வரும், எந்தப் பாதி முதலில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த வரிசையும் சீட்டில் ஒரு பிட்டாக இருக்கட்டும்.

ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணை

டைப் குறிக்குப் பதிலாக ஒரு அட்டவணையின் முகவரியை வைப்பது இது. அதில் படிக்கும் ஃபங்ஷன், எழுதும் ஃபங்ஷன், ஒப்பிடும் ஃபங்ஷன், ஸ்ட்ரிங்காக மாற்றும் ஃபங்ஷன். ஸ்விட்சே தேவையில்லை, அட்டவணையில் பார்த்துக் கூப்பிட வேண்டியதுதான். பைத்தானின் உள்ளே ஒவ்வொரு பொருளும் தன் டைப்பைச் சுட்டும் பாயின்டர் ஒன்றை வைத்திருக்கிறதே, அந்த அமைப்பு.

புதிய டைப்பை வெளியாட்கள் சேர்க்க வேண்டும், உங்கள் கோடை அவர்கள் தொடக் கூடாது என்ற நிலைமை இருந்தால் இதுதான் சரி. நம் பட்டறையில் டைப்புகளை முடிவு செய்வது ஒரே ஆள். அதோடு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு மறைமுக ஃபங்ஷன் கால் என்றால் கம்பைலரால் உள்ளே பார்த்து எதையும் சீர்செய்ய முடியாது. வைத்தே ஆகவேண்டும் என்றால், அட்டவணையில் இருக்கும் ஃபங்ஷன் ஒரு உறுப்பை வாங்காமல் முழு அரேயை வாங்குவதாக எழுதுங்கள். அப்போது அரேவுக்கு ஒரு கால்தான்.

ஜெனரிக், டைப்ஆஃப் பற்றி

சி11-இல் ஜெனரிக் என்ற வசதி வந்தது, சி23-இல் டைப்ஆஃப் தரநிலைக்குள் வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு "இதோ தீர்வு" என்று துள்ளுகிறவர்கள் உண்டு. ஜெனரிக் டைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், டைப்ஆஃப் டைப்பைச் சொல்வதும் கம்பைல் நேரத்தில். ஃபைல் தலைப்பைப் படித்தபிறகு அவற்றால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஜெனரிக் ஒரு மூலையில் உதவும்: அரேயை உருவாக்கும் இடத்தில், பாயின்டரின் டைப்பைப் பார்த்துச் சரியான குறியை விவரச் சீட்டில் தானாகவே நிரப்ப ஒரு மேக்ரோ எழுதலாம். கையால் குறி போட்டுத் தவறும் வாய்ப்பு அதோடு போய்விடும்.

பெயரைச் சொல்லி வேரியபிளை எடுப்பது

கான்ஃபிக்கில் "நீர்மட்டம்" என்று எழுதியிருந்தால் ஸ்ட்ரக்டில் அந்தப் பெயருள்ள உறுப்பை ரன்டைமில் எடுக்க முடியுமா? கம்பைல் ஆனபின் பெயர்களும் மிஞ்சுவதில்லை. டீபக் தகவலில் இருக்கும், ஆனால் அதைத் தோண்டி வேலை செய்வது இந்த அளவு வேலைக்கு அதிகப்படி. ஒரு கான்ஸ்ட் அட்டவணை எழுதுங்கள்: பெயர், டைப் குறி, ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பது, எண்ணிக்கை. தள்ளியிருக்கும் பைட்டைக் கணக்கிட ஆஃப்செட்ஆஃப் இருக்கிறது, நாமே எண்ணக் கூடாது. கம்பைலர் நடுவில் விடும் இடம் சிப்புக்குச் சிப் மாறும். அட்டவணை கான்ஸ்ட்டாக இருந்தால் சிப்பில் ஃப்ளாஷிலேயே உட்கார்ந்துகொள்ளும், ராமைத் தொடாது.

நண்பருக்குச் சொன்னது

பெட்டிக்குள்: கான்ஃபிக்குக்கு டேக் யூனியன், அளவுகளுக்கு விவரச் சீட்டோடு சொந்த டைப்பில் அரே, டபுள் எங்குமே வேண்டாம். திருத்த எண்ணால் பெருக்குவதைக்கூட முழு எண்ணாகவே செய்துவிட்டு, வகுப்பதைக் கம்ப்யூட்டருக்கு விட்டுவிடலாம்.

பட்டறைக் கம்ப்யூட்டரில்: படிக்கும்போது விவரச் சீட்டு, கணக்குக்கு 64-64-ஆக டபுள் பஃபர், திரையில் காட்டுவது எல்லாம் டபுள். மொத்தக் கூட்டு எண்ணிக்கையை மட்டும் 64 பிட் இன்ட்டில் தனியாக வைக்கச் சொன்னேன்.

கல்லூரி ப்ராஜெக்டுக்கு இதே கேள்வியோடு வருகிற மாணவருக்கு, எல்லாவற்றையும் டபுள் ஆக்கிக்கொள், போ என்பேன். ஆயிரம் அளவு, ஒரு வரைபடம், லேப்டாப்பில் ஓடினால் போதும் என்கிற இடத்தில் மற்ற எதுவும் மெனக்கெட வேண்டிய விஷயமில்லை. வைவாவில் 53 பிட் கேள்வி வந்தால் பதில் சொல்லத் தெரிந்தால் சரி.

தம்பி கடைசியாகக் கேட்டது டைப் குறிகளின் எண்களைப் பற்றி: எனத்தில் தானாக வரும் எண்ணையே ஃபைலில் எழுதலாமா என்று. வேண்டாம். குறிகளுக்கு எண்ணைக் கையாலேயே கொடுத்து, கொடுத்ததை மாற்றாமல் இருக்க வேண்டும். பட்டியலின் நடுவில் ஒரு டைப்பைச் செருகினால் தானாக வரும் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிவிடும். போன வருஷ ஃபைலில் 16 பிட் இன்ட் என்று எழுதியது புதிய ப்ரோகிராமுக்கு வேறு டைப்பாகத் தெரியும். ஒரு டைப்பை விட்டுவிட்டால் அதன் எண்ணைப் புதியதற்குக் கொடுக்காமல் காலியாகவே விடுங்கள். பூஜ்யத்தை எந்த டைப்புக்கும் தர வேண்டாம். பவர் போய்ப் பாதியில் நின்ற ஃபைலில் தலைப்பு இன்னும் எழுதப்படாமல் பூஜ்யமாகவே கிடந்தால், அதை டைப் என்று நம்பிப் படிக்க ஆரம்பிக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம்.